ஓட்டு இல்லாதவர்களை எண்ணலாமா? டெக்ஸஸ் செனட் தொகுதிகள்

கரிசல்காடு:
குடியேற்றம் பற்றிய இழையில் நெல்லைச்சீமை நேற்று இப்படி எழுதியிருந்தார்: "எச்1பி வேலை விசாவில் வந்த ஆட்களையும் சேர்த்து எண்ணித்தான் டெக்ஸஸில் மாநில செனட் (மேலவை) தொகுதிகளைப் பிரிக்கிறார்கள். ஓட்டே இல்லாதவனை எண்ணுவது குடிமகனிடம் திருடுவது." திருட்டு என்று சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? இந்த வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார்கள். எவன்வெல் எதிர் அபாட் வழக்கு, 2016. எட்டு நீதிபதிகளில் ஒருவர்கூட வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் நிற்கவில்லை. பிரதிநிதி ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டுமல்ல, தொகுதியில் குடியிருக்கும் எல்லோருக்கும்தான் என்று நீதிபதி கின்ஸ்பர்க் தீர்ப்பில் எழுதினார். நான் இங்கே சொத்து வரி கட்டுகிறேன், கடையில் விற்பனை வரி கட்டுகிறேன். என் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் அந்த 31 செனட்டர்களும் கீழவையும்தான். என்னை எண்ணக் கூடாதா?

நெல்லைச்சீமை:
தீர்ப்பைச் சொன்னீர்கள், வழக்கில் இருந்த எண்ணைச் சொல்லவில்லையே. மொத்த மக்கள்தொகையை வைத்தால் பெரிய தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் 8.04 சதவீத வித்தியாசம். ஓட்டுரிமை உள்ளவர்களை வைத்தால் 40 சதவீதத்துக்கும் மேல். நாற்பது! ஒரு தொகுதியில் என் ஓட்டுக்கு இருக்கும் கனம் இன்னொரு தொகுதியில் இல்லை. இதற்குப் பெயர் சமத்துவமா? நான் முறையாக விண்ணப்பித்து, காத்திருந்து, சத்தியம் செய்து குடிமகன் ஆனவன். அந்த ஓட்டு எனக்குச் சும்மா வரவில்லை.

பிளேனோவாசி:
கரிசல்காடு ஒன்றை விட்டுவிட்டார். நீதிபதிகள் அலிட்டோவும் தாமஸும் முடிவை மட்டும்தான் ஏற்றார்கள், காரணத்தை அல்ல. ஒரு மாநிலம் தானாக விரும்பினால் ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டும் எண்ணலாமா என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு திறந்தே வைத்திருக்கிறது. "முடிந்த கதை" என்று அடித்துப் பேசாதீர்கள்.

கரிசல்காடு:
முடிந்த கதை என்று நான் எங்கே சொன்னேன்? நான் சொல்லாததற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள். அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். என் மகள் டாலஸில் பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். 18 ஆகாததால் ஓட்டு இல்லை. அவளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவீர்களா? உங்கள் எண்ணில் வெளிநாட்டவர் மட்டும் விடுபடவில்லை, பிள்ளைகளும் விடுபடுகிறார்கள். குழந்தைகள் நிறைந்த தொகுதிக்குக் குரல் குறையும், வயதானவர்கள் நிறைந்த தொகுதிக்குக் கூடும். பள்ளிக்கூடத்துக்குக் காசு ஒதுக்கும் சபை அது!

நெல்லைச்சீமை:
பிள்ளையை முன்னால் நிறுத்தி வாதாடாதீர்கள். 40 சதவீதம் உண்மையா, பொய்யா? அதைச் சொல்லுங்கள். இன்னொன்று, இது நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. டெக்ஸஸின் 1876 அரசமைப்பே செனட் தொகுதிகளைத் தகுதியுள்ள வாக்காளர் எண்ணிக்கைப்படி பிரிக்கச் சொன்னது. இந்த மண்ணின் சட்டம் அது. நேற்று வந்தவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசலாம்.

கரிசல்காடு:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். நீங்கள்தான் பாதியில் மூடிவைத்துவிட்டீர்கள். எந்த ஒரு கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு செனட்டருக்கு மேல் கூடாது என்றும் அதே பிரிவில் இருந்தது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்குப்படி 47 லட்சம் பேர். இன்று ஒரு செனட் தொகுதி சுமார் 9.4 லட்சம். நீங்கள் போற்றும் அந்த மண்ணின் சட்டப்படி 47 லட்சம் பேருக்கும் ஒரே செனட்டர். சம்மதமா?

அலபாமா மாநிலத்தையும் பாருங்கள். அன்று அங்கே லவுண்ட்ஸ் கவுண்டியின் 15,417 பேருக்கு ஒரு செனட்டர். ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கும் ஒருவர்தான். 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அதை உடைத்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் பிரதிநிதிகள் அல்ல, மக்களுக்கு என்று தலைமை நீதிபதி வாரன் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். அந்த லவுண்ட்ஸில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலை மட்டும் பார்த்து எண்ணினால் அவர்கள் யாருமே மனிதக் கணக்கில் வரமாட்டார்கள். யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்பவனே யாரை எண்ணுவது என்றும் முடிவு செய்தால் இதுதான் நடக்கும்.

வைகைக்கரை:
இதைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. தொகுதி மறுவரையறை இழையில் இதே கரிசல்காடு என்ன எழுதினார்? "மக்கள்தொகையை மட்டும் வைத்து மக்களவை இடங்களைப் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு அநீதி, 1971 கணக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார். அங்கே தலையை எண்ணக் கூடாது, இங்கே எண்ணியே ஆக வேண்டுமா? நமக்கு எது வசதியோ அதுதான் கொள்கை போல.

நெல்லைச்சீமை:
நல்லா கேட்டீங்க! பதில் வராது பாருங்கள்.

கரிசல்காடு:
வரும். இந்தியாவில் கேள்வி, கூட்டாட்சியில் மாநிலங்களுக்குள் இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பது. சொன்னபடி மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காக இடம் இழக்கக் கூடாது என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். டெக்ஸஸுக்குள் கவுண்டிகள் மாநிலங்கள் அல்ல. வாஷிங்டன் செனட்டில் சின்ன வயோமிங்குக்கும் பெரிய கலிஃபோர்னியாவுக்கும் இரண்டிரண்டு பேர் என்பது வேறு ஏற்பாடு. ரெனால்ட்ஸ் வழக்கில் அதை மாநிலத்துக்குள் காட்டி வாதாடியபோது வாரன் ஏற்கவில்லை.

வைகைக்கரை:
எது கூட்டாட்சி, எது இல்லை என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்கிறீர்கள். நடத்துங்கள்.

பிளேனோவாசி:
எல்லோரையும் எண்ண வேண்டும் என்கிறவர் டெக்ஸஸில் சிறைகள் இருக்கும் ஹன்ட்ஸ்வில் பக்கம் போய்ப் பாருங்கள். ஹூஸ்டனிலிருந்து சிறைக்குப் போனவனை டெக்ஸஸ் அந்தச் சிறை இருக்கும் ஊரில் எண்ணுகிறது. அவனுக்கு ஓட்டும் இல்லை, அந்த ஊர் செனட்டரை அவனுக்குத் தெரியவும் தெரியாது. நியூயார்க் 2010இலேயே சட்டம் போட்டு மாற்றிவிட்டது. இதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

கரிசல்காடு:
அவர்களை அவரவர் சொந்த ஊரில் எண்ண வேண்டும். எண்ணாமல் விடக் கூடாது. என் வாதத்துக்கு இது எதிர் இல்லையே.

நெல்லைச்சீமை:
எல்லா மனிதரும் சமம் என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறவர், நம் ஊர்த் தமிழ்ச் சங்கத் தேர்தலில் "குடும்பத்துக்கு ஒரு ஓட்டு போதும்" என்று கை தூக்கினாரே! அன்று வீட்டுப் பெண்கள் கணக்கில் வரவில்லையா?

கரிசல்காடு:
சங்கத்தை இங்கே இழுக்க வேண்டாம். அது சந்தா பற்றிய தீர்மானம், குடும்பச் சந்தா கட்டியவர்களுக்கு என்ன உரிமை என்பது. அந்தக் கூட்டத்தில் முதலில் கத்தியது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பிளேனோவாசி:
நானும் அங்கே இருந்தேன். இரண்டு பேரும்தான் கத்தினீர்கள்.

நெல்லைச்சீமை:
நான் கத்தவில்லை, விதியைப் படித்தேன். 40 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரிசல்காடு:
சொல்லியாகிவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். ஹாரிஸ் கவுண்டியின் 47 லட்சம் பேருக்கு ஒரு செனட்டர் போதுமா என்று கேட்டேன். அதற்கு நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.