புதுப்பிப்பு: எங்கள் பைரனீஸ் நாயின் ராத்திரிக் குரைப்பு

எங்கள் கிரேட் பைரனீஸ் இரவெல்லாம் குரைக்கிறது, வீட்டுக்கு வரும் உறவினர்களை மறிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சிலர் ஷாக் காலர் (மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை) மாட்டச் சொன்னீர்கள். அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைகளில் ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காத்த இனம் இது. பாய்வதற்கு முன் குரைத்தே விரட்டப் பார்க்கும்.

இப்போது படுக்கும் முன் கயிறு கட்டி வேலியோரமாக ஒரு சுற்று. மூலைக்கு மூலை மோந்து பார்த்து, காலைத் தூக்கி அடையாளம் வைத்தால்தான் ஐயாவுக்குத் திருப்தி. அப்புறம் வீட்டுக்குள்தான் தூக்கம். குரைப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது.

விருந்தாளிகளை வாசலுக்கு வெளியே வரவேற்று, நாயோடு சேர்ந்தே உள்ளே அழைத்து வருகிறோம். முன்பு மாமா குழந்தையைத் தூக்கப் போனால் நடுவில் குறுக்காக வந்து நிற்கும். உறுமாது, கடிக்காது, நகரவும் நகராது. போன வாரம் அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

கூப்பிட்டால் வருமா என்று கேட்டவர்களுக்கு: மேய்ப்பர் இல்லாத நேரத்திலும் தானே முடிவெடுக்கப் பழகிய இனம், வந்தால் உண்டு. திறந்த வெளியில் கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. கூரியர் வண்டியைப் பார்த்துக் குரைக்கும் விஷயத்தில் மட்டும் ஒரு முன்னேற்றமும் கிடையாது.