கார்டு 1 என்று எழுதினால் போதுமா?

பழைய பெங்குயின்: லினக்ஸில் சத்தம் வரவில்லை என்று நேற்று ஒருவர் கேட்டதற்கு ஒரு வைத்தியம் சொல்லப்பட்டது. "அசவுண்ட்ஆர்சி கோப்பில் கார்டு 1 என்று எழுதுங்கள், ஆயுளுக்கும் மாறாது." அதாவது ஒலி அமைப்புக் கோப்பில் சவுண்ட் கார்டின் எண்ணை எழுதி வைக்க வேண்டுமாம். ஆயுளுக்குமாம்! யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிவிட்டு மறுபடி பூட் செய்து பாருங்கள், அந்த ஆயுள் எத்தனை நாள் என்று தெரியும். டிரைவர்கள் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ அந்த வரிசைதான் எண். இன்று எச்டிஎம்ஐ ஒலி கார்டு 0, நாளை அதுவே 1. பெயரை எழுதுங்கள். பிசிஎச் (இன்டெல் கணினிகளில் உள் சவுண்ட் கார்டுக்கு வழக்கமாக வரும் பெயர்) என்று எழுதினால் பிசிஎச்தான்.

முனையவாசி: சொன்னவன் நான்தான், ஜாடை எதற்கு? என் கணினியில் 6 வருடமாக அதே கார்டு 1.

பழைய பெங்குயின்: உங்கள் தெருவில் மழை இல்லை என்பதற்காக ஊரில் யாரும் குடை பிடிக்கக் கூடாதா? முனையத்தில் ஏபிளே -எல் என்ற கட்டளையைக் கொடுத்தால் எண்ணுக்குப் பக்கத்திலேயே பெயர் வருகிறது. அதைப் பார்த்து எழுத என்ன கஷ்டம்?

முனையவாசி: பெயர் மட்டும் கல்வெட்டா? மலிவான யுஎஸ்பி டாங்கிள் ஒரே மாதிரி இரண்டு செருகுங்கள். ஒன்றுக்கு "டிவைஸ்", மற்றதற்கு "டிவைஸ்_1" என்று பெயர் வரும். எதற்கு எது என்பதும் வரிசைப்படிதான்.

பழைய பெங்குயின்: அதற்குத்தான் யூடெவ் (செருகும் சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதி இருக்கிறது. எந்த போர்ட்டில் செருகியது என்று பார்த்து நாமே பெயர் வைக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டீமன்தாசன்: ஒரு சத்தத்துக்கு இத்தனை கோப்பா? லினக்ஸ் அல்லாத எங்கள் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கேட் கட்டளை போட்டு எஸ்என்டிஸ்டாட் என்ற ஒலிச் சாதனப் பட்டியலைப் பார்ப்பேன், அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் டிஃபால்ட் யூனிட் 1 என்பேன். வேலை முடிந்தது. லினக்ஸின் ஒலி சர்வர்களான பல்ஸ்ஆடியோவும் வேண்டாம், பைப்வயரும் வேண்டாம்.

பழைய பெங்குயின்: அந்த 1 என்ன, பெயரா? அதுவும் எண்தானே ஐயா!

டீமன்தாசன்: எங்கள் எண் ஒழுங்கான எண். 2003-ல் லினக்ஸ் கர்னல் 2.6 வந்தபோது ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பை ஓரங்கட்டிவிட்டு அல்சா என்ற புதியதற்குத் தாவியவர்கள் பேசக் கூடாது. நாங்கள் இன்னும் ஓஎஸ்எஸ்ஸின் டிஎஸ்பி சாதனக் கோப்பிலேயே நிம்மதியாக இருக்கிறோம்.

பழைய பெங்குயின்: இருபது வருடப் பழங்கதை வேண்டாம். பைப்வயரையே பாருங்கள். அதில் ஒலிச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் டபிள்யூபிகன்ட்ரோல் கட்டளைக்கு நாம் எண்ணைக் கொடுத்தாலும் அது குறித்து வைத்துக்கொள்வது சாதனத்தின் பெயரை. எண் நிலைக்காது என்று அதற்கே தெரிகிறது.

முனையவாசி: ஆனால் நீங்கள் தட்டச்சு செய்தது எண். நான் ஜெயித்தேன்.

புதுசு77: நேற்று கேட்டது நான்தான். ஒலி அளவை மாற்றும் அல்சாமிக்சரில் மாஸ்டருக்குக் கீழே எம்எம் என்று காட்டுகிறதே, அது என்ன?

டீமன்தாசன்: ம்யூட்டில் இருக்கிறது தம்பி. எம் விசையை ஒரு தடவை அழுத்துங்கள்.

புதுசு77: வந்துவிட்டது! அப்படியானால் அந்த அசவுண்ட்ஆர்சி வரி?

பழைய பெங்குயின்: அழித்துவிடுங்கள். அல்லது பெயரை எழுதுங்கள்.

முனையவாசி: அழிக்காதீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய பெங்குயின்: சத்தமே ம்யூட்டால் போனது, இவர் கார்டு 1 என்றார்!

முனையவாசி: நீங்கள் பிசிஎச் என்றீர்கள். அதுவும் பேசவில்லையே? இப்போதுகூட ரீபூட் செய்து பார்த்தேன். கார்டு 1.

பழைய பெங்குயின்: ஹெட்செட்டைச் செருகியா, செருகாமலா?