எச்இசட் ஹெர்குலிஸ்: மங்கும் நேரத்தைப் பிடிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, லாசுப்பேட்டை மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்து எச்இசட் ஹெர்குலிஸைப் பின்தொடர்கிறேன். ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ்-கதிர் இரட்டையில் (ஒன்றையொன்று சுற்றும், எக்ஸ்-கதிர் வீசும் விண்மீன் ஜோடி) சாதாரண ஒளியில் தெரிகிற விண்மீன் இதுதான். கூடவே சுற்றும் நியூட்ரான் விண்மீனின் (வெடித்த விண்மீனின் மிக அடர்ந்த எச்சம்) எக்ஸ்-கதிர் இதன் ஒரு பக்கத்தை மட்டும் காய்ச்சி எடுக்கிறது. அந்தப் பக்கம் நம்மை நோக்கினால் வெளிச்சம் ஏறும், 1.7 நாளுக்கு ஒரு சுற்று. ஒளியளவு (எண் கூடினால் மங்கல்) சுமார் 13-க்கும் 14.7-க்கும் இடையே போய்வரும். விசேஷம் என்னவென்றால், 35 நாள் சுழற்சியில் எக்ஸ்-கதிர் நமக்கு மறைந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் நிற்பதில்லை. நியூட்ரான் விண்மீனைச் சுற்றியுள்ள வாயு வட்டு மறைப்பது நம் பார்வையைத்தான், அங்கே சூடு தொடர்கிறது.

உச்சத்தில் படத்தில் அழகாகச் சிக்குகிறது. மங்கும்போதுதான் தலைவலி: நகர வெளிச்சம், போதாததற்குக் கடல் ஈரம். 30 வினாடிப் படங்களை அடுக்கினால் தேறுமா, இல்லை பச்சை வடிகட்டி போட வேண்டுமா? ஒப்பிட எந்த விண்மீன்களை எடுக்கிறீர்கள்? நான் எடுத்ததில் ஒன்று நிறத்தில் ரொம்பச் சிவப்பு, சரிவரவில்லை.

அப்புறம், கடலூர்ப் பக்கமோ காவலூர் மலைப்பக்கமோ இருப்பவர்கள் அதே இரவில் படமெடுத்தால், இங்கே மேகம் தின்னும் இடைவெளியை நிரப்பலாம். நேரத்தை மட்டும் உலகப் பொது நேரத்தில் குறித்து அனுப்புங்கள்.