அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் ஒத்துப்போகவில்லையாம், உதவுங்கள் (அவசரம்)

வரைவு_மூன்று:
வணக்கம். மூன்றாம் இயலை நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் எழுதியிருப்பது ஒரே வரி: "இதழ்க் கட்டுரைகளின் அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் ஒத்துப்போகவில்லை, எல்லாவற்றையும் சரிபார்க்கவும்." எனக்குப் புரியவே இல்லை. அடிக்குறிப்பில் இருந்ததை அப்படியே நகலெடுத்துத்தான் பட்டியலில் ஒட்டினேன், ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. நூல்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டுரைகள் மட்டும்தான். மொத்தம் 41 கட்டுரைகள். நாளை மறுநாள் திரும்பக் கொடுக்க வேண்டும். என்னதான் தப்பு?

நூலக_மூலை:
எந்த மேற்கோள் பாணி? அதன் கையேட்டில் எத்தனையாவது பதிப்பு? கையால் தட்டச்சு செய்தீர்களா, மென்பொருள் வழியாகவா? ஓர் அடிக்குறிப்பையும் அதற்குரிய பட்டியல் உள்ளீட்டையும் இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

இணைப்புத்தேடி:
டிஓஐ, அதாவது கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண், அதை விட்டிருப்பீர்கள், வேறொன்றும் இருக்காது. இணையத்தில் படித்த கட்டுரைக்கு டிஓஐ இருந்தால் பட்டியலில் கட்டாயம் வர வேண்டும். 10 என்று தொடங்கி ஒரு புள்ளி, சில எண்கள், அப்புறம் சாய்கோடு என்று வரும், அதுதான். வெறும் எண்ணாகப் போடாமல் டிஓஐ தளத்தின் முகவரியை முன்னால் சேர்த்து முழு இணைப்பாகக் கொடுங்கள். இதழின் தளம் மாறிப்போனாலும் டிஓஐ கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், உலாவியின் முகவரிப் பெட்டியிலிருந்து எடுத்த நீளமான இணைப்பு ஆறு மாதத்தில் செத்துவிடும். நான் திருத்தும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்தக் குறைதான்.

பழுத்த_ஏடு:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தம்பி, பாணிக் கையேடு என்று ஒன்று இருக்கிறது, அதில் இதழ்க் கட்டுரை என்றே தனிப் பகுதி இருக்கிறது, அரை மணி நேரம் உட்கார்ந்து படித்தால் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அடிக்குறிப்பை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்திலேயே உங்கள் பிழை இருக்கிறது. 41 கட்டுரை மேற்கோள் காட்டும் அளவுக்கு வந்தவர் இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது.

சொடுக்கி:
ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பிரச்சினை நிச்சயம் பாணித் தேர்வில்தான். சிகாகோ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாணிகள் வரும். ஆசிரியர்-ஆண்டு என்பது ஒன்று, அடிக்குறிப்பு வகை வேறு. பட்டியலை ஒன்றிலும் அடிக்குறிப்பை இன்னொன்றிலும் எடுத்திருந்தால் ஆண்டு ஒரு பக்கம் ஆசிரியர் பெயருக்கு அடுத்தும், மறுபக்கம் இதழ் எண்ணுக்குப் பின் அடைப்புக்குறிக்குள்ளும் நிற்கும். ஆவண விருப்பங்களுக்குப் போய் பாணியை மாற்றுங்கள், எல்லாம் தானே சரியாகிவிடும்.

வரைவு_மூன்று:
சிகாகோ. வேர்டில் எழுதுகிறேன்.

நூலக_மூலை:
மாதிரி? சிகாகோவில் அடிக்குறிப்பு முறை என்று எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மாதிரி இல்லாமல் ஒன்றும் நகராது.

பழுத்த_ஏடு:
பதிப்பையும் சொல்ல வேண்டும். 2017இல் வந்த 17ஆம் பதிப்பும் 2024இல் வந்த 18ஆம் பதிப்பும் ஒன்றல்ல. பல ஆசிரியர் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 17இல் மூன்று பேர் வரை அடிக்குறிப்பில் எல்லாப் பெயரும் வரும், நான்கு பேர் ஆனால்தான் முதல் பெயரும் "பிறரும்" என்பதும். 18இல் இரண்டு பேருக்கு மேல் போனாலே சுருக்கம். பட்டியலுக்கும் 17இல் பத்துப் பேர் வரை எல்லோரும் வருவார்கள், 18இல் ஆறு பேர் வரைதான், அதற்கு மேலானால் முதல் மூன்று பெயர்களும் "பிறரும்" என்பதும். இதையெல்லாம் பார்க்காமல் வெறுமனே "சிகாகோ" என்பது பதில் ஆகாது.

வரைவு_மூன்று:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 17ஆம் பதிப்பு. நூல்களை ஜோட்டெரோவில் சேர்த்திருந்தேன், அதனால் அவை தானாக வந்துவிட்டன. கட்டுரைகளை மட்டும் கையால் அடித்தேன், ஏனென்றால் பிடிஎஃப்பை இழுத்துப் போட்டபோது பாதிக்குத் தகவலே வரவில்லை. இரண்டு மாதிரிகள் கீழே. ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் அடிக்கிறேன்.

அடிக்குறிப்பு 12: டூரிங், ஏ. எம். "கம்ப்யூட்டிங் மெஷினரி அண்ட் இன்டெலிஜென்ஸ்." மைண்ட் 59, எண் 236 (1950): 5.
அடிக்குறிப்பு 15: வாட்சன், ஜே. டி., மற்றும் கிரிக், எஃப். எச். சி. "மாலிக்யூலர் ஸ்ட்ரக்சர் ஆஃப் நியூக்ளிக் ஆசிட்ஸ்." நேச்சர் 171 (1953): 1.

பட்டியலிலும் இதே இரண்டு வரிகள், வார்த்தை மாறாமல்.

இணைப்புத்தேடி:
பாருங்கள், டிஓஐ இல்லை. நான் சொன்னேனே.

நூலக_மூலை:
டிஓஐ வேண்டியதுதான், ஆனால் இங்கே முதல் சிக்கல் அது இல்லை. வரைவு_மூன்று, பக்க எண்ணைப் பாருங்கள். டூரிங்கின் அந்தக் கட்டுரை மைண்ட் இதழில் 433ஆம் பக்கத்தில் தொடங்கி 460இல் முடிகிறது. அதில் 5ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் பிடிஎஃப் திரையில் மேலே தெரியும் எண்ணை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் காப்பகத்திலிருந்து எடுத்தீர்களா?

வரைவு_மூன்று:
ஆமாம், ஜேஸ்டோர்தான். திரையில் 29இல் 5 என்று காட்டியது, அதைத்தான் எழுதினேன்.

நூலக_மூலை:
அப்படியென்றால் புரிகிறது. ஜேஸ்டோர் முதலில் ஓர் அட்டைப்பக்கத்தைச் சேர்த்துத் தரும். கட்டுரை 28 பக்கம், அட்டையோடு 29. திரையின் 2ஆம் பக்கம்தான் அச்சில் 433, ஆகவே திரையின் 5 என்பது அச்சில் 436. ஆனால் கணக்குப் போட்டு நிறுத்திவிடாதீர்கள், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அச்சு எண் இருக்கும், கண்ணால் பார்த்து எழுதுங்கள். வாட்சன், கிரிக் கட்டுரையும் அப்படியே, அது 737, 738 என்ற இரண்டு பக்கங்களில் வந்தது, நீங்கள் 1 என்று போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு சின்னக் கட்டுரைக்கு 737 என்ற எண் வருவதைப் பார்த்துத் தவறு என்று நினைக்க வேண்டாம், இதுபோன்ற இதழ்கள் தொகுதி முழுக்கப் பக்க எண்ணைத் தொடர்ச்சியாகப் போட்டுக்கொண்டே போகும், 171ஆம் தொகுதி 1953 ஜனவரியில் தொடங்கியது, இந்தக் கட்டுரை வந்தது ஏப்ரல் 25 இதழில்.

இனி நெறியாளர் சொன்னதற்கு வருவோம். இரண்டு இடத்திலும் ஒரே வரி இருப்பதால்தான் ஒத்துப்போகவில்லை என்கிறார். அடிக்குறிப்பு, நீங்கள் சொன்ன கருத்து அந்தக் கட்டுரையில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று வாசகருக்குக் காட்டுவது, அதனால் அங்கே நீங்கள் எடுத்தாண்ட பக்கம் மட்டும். பட்டியல், அந்தக் கட்டுரையை இதழுக்குள் கண்டுபிடிக்க உதவுவது, அதனால் அங்கே தொடக்கப் பக்கமும் முடிவுப் பக்கமும். பெயரும் அதே காரணத்தால்தான் திரும்புகிறது. பட்டியல் அகரவரிசையில் போவதால் குடும்பப் பெயர் முன்னால், அடிக்குறிப்பில் வரிசை எதுவும் இல்லாததால் பெயர் இயல்பாகவே நிற்கும். அடிக்குறிப்பு ஒரே வாக்கியம் போல ஓடும், உறுப்புகளுக்கு நடுவே காற்புள்ளி. பட்டியலில் ஆசிரியருக்குப் பின்னும் தலைப்புக்குப் பின்னும் முற்றுப்புள்ளி.

அடிக்குறிப்பு: ஏ. எம். டூரிங், "கம்ப்யூட்டிங் மெஷினரி அண்ட் இன்டெலிஜென்ஸ்," மைண்ட் 59, எண் 236 (1950): 436.
பட்டியல்: டூரிங், ஏ. எம். "கம்ப்யூட்டிங் மெஷினரி அண்ட் இன்டெலிஜென்ஸ்." மைண்ட் 59, எண் 236 (1950): 433–60.

இதழின் பெயர் சாய்வெழுத்தில், கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள். இரண்டு ஆசிரியர் இருந்தால் பட்டியலில் முதல் பெயர் மட்டும்தான் திரும்பும்: "வாட்சன், ஜே. டி., மற்றும் எஃப். எச். சி. கிரிக்." நீங்கள் இரண்டு பெயரையும் திருப்பியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுரைக்குத் துணைத்தலைப்பும் உண்டு, அதையும் விட்டிருக்கிறீர்கள். அதோடு டூரிங்குக்கு இதழ் எண் கொடுத்துவிட்டு இதற்கு விட்டிருக்கிறீர்கள், எண் 4356.

பழுத்த_ஏடு:
நான் முதலிலேயே சொன்னதுதான் இது, நகலெடுத்து ஒட்டியதுதான் பிழை என்று.

நிலவொளி:
சொன்னீர்கள் ஐயா, ஆனால் ஏன் பிழை என்று சொல்லவில்லையே. கேட்டவருக்கு அதுதானே தேவைப்பட்டது. எனக்கும் முதல் ஆண்டில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. கையேட்டில் மாதிரி இருக்கிறது, ஆனால் திரையில் தெரியும் எண்ணும் அச்சு எண்ணும் வேறு என்று பழகியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் தெரியும்.

சொடுக்கி:
கையால் அடிப்பதை விட்டுவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஜோட்டெரோவில் டிஓஐ எண்ணைக் கொடுத்தாலே கட்டுரையின் விவரம் முழுதும் வந்துவிடும், பிடிஎஃப்பை இழுத்துப்போட வேண்டிய தேவையே இல்லை. அடிக்குறிப்பு சேர்க்கும்போது பக்கம் என்ற பெட்டியில் 436 என்று கொடுத்தால் அடிக்குறிப்பில் அது வரும், பட்டியலுக்கு 433–60 தானாகப் போகும். ஆனால் ஒன்று, வந்த விவரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இதழ் எண் காலியாக இருக்கலாம், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருக்கலாம்.

தாள்_மணம்:
இடையில் ஒரு கேள்வி. அடிக்குறிப்பு 12, 13, 14 மூன்றும் டூரிங்தான் என்றால் 13க்கும் 14க்கும், முந்தைய குறிப்பில் சொன்ன அதே மூலம்தான் என்ற பொருளில், "மேலது, ப. 440" என்று போட்டுவிடலாம்தானே? அவருக்கு நேரம் மிச்சமாகும்.

நிலவொளி:
வேண்டவே வேண்டாம். என் ஆய்வேட்டில் கடைசி வாரம் ஒரு பத்தியைத் தூக்கி முன்னால் வைத்தேன், அதோடு போன அடிக்குறிப்பு நடுவில் நுழைந்து, மூன்று "மேலது" வேறோர் ஆசிரியருக்குக் கீழே போய் நின்றுவிட்டது. புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, இந்தக் கருத்தை இவர் எங்கே சொன்னார் என்று கேட்டார். நான் படித்த கட்டுரை, நான் உழைத்த வாதம், ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

பழுத்த_ஏடு:
அது "மேலது" செய்த குற்றமில்லை, கடைசி வாரத்தில் பத்தி மாற்றியவர் சரிபார்க்காத குற்றம். தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் பயன்படுத்திய குறி அது. தமிழில் "மேலது" என்றாலும் இலத்தீனில் "ஐபிடெம்" என்றாலும் பொருள் ஒன்றே. முந்தைய குறிப்பில் ஒரே ஒரு மூலம் மட்டும் இருக்கும்போதுதான் அதைப் போடலாம் என்ற ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

நிலவொளி:
17ஆம் பதிப்பே அதைத் தவிர்க்கச் சொல்கிறதே ஐயா, சுருக்கப் பெயரையே விரும்புகிறது. ஆசிரியர் பெயர், தலைப்பின் முதல் சில சொற்கள், பக்கம். டூரிங், "கம்ப்யூட்டிங் மெஷினரி," 440. அடுத்தடுத்து அதே கட்டுரை வந்தால் தலைப்பையும் விட்டுவிட்டு டூரிங், 441 என்றே போடலாம். அது எந்தப் பக்கத்துக்கு நகர்ந்தாலும் யாருடையது என்று தெரியும்.

பழுத்த_ஏடு:
தவிர்க்கச் சொல்கிறது, தடை செய்யவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

தாள்_மணம்:
எனக்கு அந்த வேறுபாடு முக்கியமாகவே படுகிறது. துறையின் வழிகாட்டி "மேலது" கேட்டால் அதைத்தான் போட வேண்டும், சிகாகோ என்ன விரும்புகிறது என்பது அதற்குப் பிறகுதான். ஆனால் நிலவொளி சொன்னதும் நியாயம், எழுதி முடித்த பிறகு கடைசியில் ஒரே மூச்சாக "மேலது" ஆக்குவதுதான் பாதுகாப்பு போலிருக்கிறது.

பழுத்த_ஏடு:
அதை ஏற்றுக்கொள்கிறேன்.

சுவடி_தேடல்:
நானும் இதே குழப்பத்தில் இருந்தேன், படித்தேன், நன்றி. ஒரு கேள்வி: பிளாஸ் ஒன் போன்ற இணைய இதழ்களில் தொடர் பக்க எண்ணே இல்லை. பிடிஎஃப்பில் 1 முதல் 14 வரை என்று இருக்கிறது. அதையா போடுவது?

நூலக_மூலை:
இல்லை, அங்கே கட்டுரை எண் என்று ஒன்று தருவார்கள், பக்க வீச்சு வர வேண்டிய இடத்தில் அதைப் போடுங்கள். ஒவ்வொரு கட்டுரையும் 1இல் தொடங்கும் என்பதால் 1–14 என்பது யாருக்கும் வழிகாட்டாது. அடிக்குறிப்பில் இடத்தைச் சுட்ட வேண்டுமானால் உட்தலைப்பின் பெயரைச் சொல்லலாம்.

இணைப்புத்தேடி:
அதோடு டிஓஐயும்.

நூலக_மூலை:
ஆமாம், டிஓஐயும். வரைவு_மூன்று, இன்னும் இருக்கிறீர்களா? இரண்டு நாளில் முடிய வேண்டுமானால் பட்டியலைத் தொடாதீர்கள், முதலில் 41 பிடிஎஃப்பையும் வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றின் தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம், நீங்கள் எடுத்தாண்ட பக்கங்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வரிசையும் புள்ளியும் கடைசியில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். தவறான பக்க எண்ணைத்தான் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

நிலவொளி:
எங்காவது தட்டினால் கேளுங்கள், இரவு முழுக்க விழித்திருப்பேன்.

வரைவு_மூன்று:
கொடுத்துவிட்டேன். 41இல் 33க்குப் பக்க எண் தவறாக இருந்தது. இரண்டு கட்டுரைகளில் நான் குறித்த பக்கத்தில் அந்தக் கருத்தே இல்லை, மறுபடி முழுதாகப் படித்துக் கண்டுபிடித்தேன். நூலக_மூலைக்கு மிக்க நன்றி. நெறியாளர் இந்த முறை ஒன்றே ஒன்றைத்தான் வட்டமிட்டிருக்கிறார், சில இடங்களில் 433–60 என்றும் சில இடங்களில் 433–460 என்றும் எழுதியிருக்கிறேன்.

பழுத்த_ஏடு:
முதல் வடிவம். எல்லா இடத்திலும்.