டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிட்டது, போகலாமா? ஜூன் 1-க்குள் சொல்லியாக வேண்டும்

ரெட்டேரி ரிட்டர்ன்:
எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நீட்டி எழுதவில்லை. அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படிக்கிறேன். போட்டுத்தான் பார்ப்போமே என்று பெயர் பெற்ற ஒரு பெரிய யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் போட்டேன், கிடைத்துவிட்டது. ஜூன் 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும். அடுத்து மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம், அதற்கு இந்தப் பெயர் உதவுமா என்று தெரியவில்லை. இப்போது லீவில் சென்னையில் வீட்டில் இருக்கிறேன், தினம் ஒரு பஞ்சாயத்து. அப்பா போ என்கிறார். அம்மா எதுவுமே சொல்வதில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. பெரியப்பா அதற்குள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லாரும் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் இல்லை. போகலாமா, யாராவது சொல்லுங்கள்.

நியூஜெர்சி நாயகம்:
போங்க தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் எம்.எஸ். படித்தது யாரும் கேள்விப்படாத ஒரு ஊரில். வேலை தேடிய காலத்தில் ரெஸ்யூமேவைப் பார்த்துவிட்டு "இது எந்த மாநிலம்?" என்று கேட்காத ஆள் கிடையாது. பாதி நாள் கிளம்பாத ஒரு பழைய கார், பனியில் பஸ் மாறி மாறி இன்டர்வியூவுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே பெரிய காலேஜ் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டு வெளியே வருவான். பெயர்தான் சோறு போடும். டெபாசிட்டைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள்.

தாம்பரம் டு டொரண்டோ:
நாயகம் அண்ணன் பேச்சைக் கேட்காதே தம்பி. ஒரு ஊரில் பஸ் ரூட் பிடிபட்டு, மளிகைக் கடை பிடிபட்டு, நம்பி சாவி கொடுக்கிற மாதிரி ரெண்டு நண்பர்கள் கிடைத்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது என்றால் மனசு தாங்காது. என் முதல் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், பேச ஆள் கிடையாது, அரைத்து வைத்த இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. அம்மாவிடம் போனில் அழுதேன், அது மாவுக்காக அழுதது மட்டும் இல்லை. இருக்கிற இடத்திலேயே இரு.

பிப்பெட்:
இரண்டு பேரும் அவரவர் கதையைச் சொல்லிவிட்டீர்கள், கேட்டவர் என்ன படிக்கிறார் என்றே இன்னும் நமக்குத் தெரியாது. எந்தப் பாடம், எத்தனையாவது வருடம்? மேற்படிப்பு என்பது எம்.எஸ்.ஸா, பிஎச்.டி.யா? பணம் யார் கட்டுகிறார்கள்? இதெல்லாம் இல்லாமல் போ, போகாதே என்பது கிளி ஜோசியம்.

ரெட்டேரி ரிட்டர்ன்:
முதலில், நான் தம்பி இல்லை, தங்கை. வேதியியல், இரண்டாம் வருடம் முடிந்தது. பிஎச்.டி.தான் ஆசை. ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.8. இப்போதைய இடத்தில் பாதி ஃபீஸ் ஸ்காலர்ஷிப், மீதி வங்கிக் கடன், கொளத்தூர் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது. புது இடத்தில் ஸ்காலர்ஷிப் எதுவும் கிடையாது, வருடத்துக்கு எல்லாம் சேர்த்து 90,000 டாலரைத் தொடும். ஜனவரியிலிருந்து ஒரு பேராசிரியரின் லேபில் இருக்கிறேன். இந்த சம்மர் முழுக்க சம்பளத்தோடு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஜூன் 5-க்கு டிக்கெட். இதுவரை படித்த பாடங்களுக்கான என் கிரெடிட்டில் எத்தனையைப் புது இடம் எடுத்துக்கொள்ளும் என்று இன்னும் சொல்லவில்லை.

பிப்பெட்:
தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் வேதியியல்தான், பிஎச்.டி. முடித்து இங்கே போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை. உன் நிலைமையில் நான் போக மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீ முடிவு செய்.

அமெரிக்காவில் பிஎச்.டி. அப்ளிகேஷன் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். நீ இந்த ஆகஸ்டில் புது இடத்தில் சேர்ந்தால் அடுத்த வருட டிசம்பரில் அப்ளை செய்ய வேண்டும். அதற்குள் அங்கே உனக்கு முழுசாகக் கிடைப்பது இரண்டு செமஸ்டர், ஒரு சம்மர், அப்புறம் பாதியில் நிற்கிற ஒரு செமஸ்டர். முதல் செமஸ்டர் ஊரைப் பழகுவதிலும், லேப் தேடி மெயில் அனுப்பி, பதில் வராமல் மறுபடி அனுப்புவதிலும் போய்விடும். பெரும்பாலும் மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்பார்கள். "என் வகுப்பில் ஏ வாங்கிய பெண்" என்று எழுதும் லெட்டருக்கு மதிப்பே கிடையாது. "கிட்டத்தட்ட இரண்டு வருடம் என் லேபில் இருந்தாள், இந்த ரியாக்‌ஷன் ஏன் நடக்கவில்லை என்று அவளாகவே கண்டுபிடித்தாள்" என்று எழுதுவதுதான் லெட்டர். உனக்கு அதை எழுதக்கூடிய ஆள் ஏற்கெனவே கையில் இருக்கிறார், சம்பளமும் தருகிறார்.

இன்னொன்று. அமெரிக்க மாணவர்கள் சம்மரில் வேறு யுனிவர்சிட்டிக்குப் போய் ஆராய்ச்சி செய்கிற ஆர்.இ.யு. திட்டம் என்று ஒன்று உண்டு, அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். நடத்துவது. அதற்கு அந்நாட்டுக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் வருகிற நமக்கு அது பெரும்பாலும் மூடின கதவு. அதனால் சொந்த யுனிவர்சிட்டியில் கிடைக்கிற லேப்தான் நமக்கு எல்லாமே.

நியூஜெர்சி நாயகம்:
மன்னிக்கணும் தங்கச்சி, தம்பி என்று எழுதிவிட்டேன். ஆனால் பிப்பெட் அம்மா, பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கிற கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்களும் மனுஷர்கள்தானே? பெரிய இடத்துப் பேராசிரியரின் கையெழுத்து என்றால் அவர்களுக்கே ஆளைத் தெரிந்திருக்கும். தெரியாத ஊர்ப் பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதினாலும் யார் படிப்பார்கள்?

பிப்பெட்:
சரி, அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெரிந்த பெயர் எழுதினால் கூர்ந்து படிப்பார்கள். ஆனால் அந்தத் தெரிந்த பெயருக்கு இவளைத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் நேரம் இல்லை என்கிறேன். இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பேசுகிற பெயர் வேறு, வேதியியலில் பேசுகிற பெயர் வேறு. விஸ்கான்சின் மேடிசன், இல்லினாய் அர்பானா ஷாம்பெயின் இரண்டும் ஸ்டேட் யுனிவர்சிட்டிதான். பெரியப்பாவின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் கை தட்ட மாட்டார்கள், ஆனால் வேதியியல்காரர்கள் எழுந்து நிற்பார்கள். தங்கச்சி எந்த ஸ்டேட் யுனிவர்சிட்டி என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அங்கே பிஎச்.டி. மாணவர்கள் இருக்கிறார்களா, மூன்றாம் வருடத்தில் கிராஜுவேட் (முதுநிலை) வகுப்பில் உட்கார விடுவார்களா என்று மட்டும் பார். இரண்டும் இல்லை என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், அப்போது போவதில் நியாயம் இருக்கிறது.

சிதம்பர ரகசியம்:
எங்கள் ஊரில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பி.எஸ்சி. படித்தது பரோடாவில், பிஎச்.டி. செய்தது ஒஹாயோ யுனிவர்சிட்டியில். ஒஹாயோ ஸ்டேட் அல்ல, அதைவிடச் சின்ன ஒஹாயோ. அதுவும் இயற்பியலில். அப்புறம் சான் டியேகோ போய் உயிரியலை மறுபடி முதலிலிருந்து படித்தார். 2009-ல் நோபல், வேதியியலுக்கு. ஊர்ப் பெயரைப் பார்த்தா கொடுத்தார்கள்?

நியூஜெர்சி நாயகம்:
ஐயா, ஒரு வெங்கியைச் சொல்லிச் சொல்லியே நம் ஊரில் எத்தனை பிள்ளைகளை ஓட்டிவிட்டோம். மற்றவர்கள் கதையை யார் சொல்வது?

அண்ணாநகர் அரட்டை:
எல்லாம் இந்த ரேங்க் பட்டியல் பைத்தியம். அதுவும் யுனிவர்சிட்டிகள் தாங்களே கொடுக்கிற கணக்கை வைத்துப் போடுவது. 2022-ல் யு.எஸ். நியூஸ் பட்டியலுக்குக் கொலம்பியா யுனிவர்சிட்டி கொடுத்த கணக்கு தப்பு என்று அவர்களுடைய கணிதப் பேராசிரியர் ஒருவரே எழுதினார், இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில் அங்கே சொல்லிக்கொடுப்பது பதினாறு படி கெட்டுப்போனதா? இதை வைத்துத்தான் எங்கள் தெருவில் கன்சல்டன்சிக்காரர்கள் கலர் கலராக ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். என் மகனை ஒருவர் உட்காரவைத்து, அவர்களுக்குக் கமிஷன் வருகிற இடமாகப் பார்த்து எழுதிக் கொடுத்து, அதற்கு என்னிடமும் ஃபீஸ் வாங்கினார். கேட்டால் "புரொஃபைலுக்கு ஏற்ற மாதிரி சார்" என்கிறார்.

தாம்பரம் டு டொரண்டோ:
கன்சல்டன்சி கூடப் பரவாயில்லை, கல்யாண வீட்டில் கேட்கிற சொந்தக்காரர்கள்தான் தாங்க முடியாது. யுனிவர்சிட்டி பெயரைச் சொன்னால் "அது நல்ல இடமாப்பா?" என்பார்கள். நல்ல இடம் என்றால் அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்ட இடம்.

மாம்பலம் மாமி:
டொரண்டோ தம்பி, மாவு பொங்கவில்லை என்றால் ஓவனை ஆன் செய்யாமல் உள்ளே இருக்கிற லைட்டை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வை. உப்பைக் கையால் கலந்துவிடு. என் பெண் மினசோட்டாவில் அப்படித்தான் செய்கிறாள்.

தாம்பரம் டு டொரண்டோ:
மாமி, கறிவேப்பிலைக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஒரு கொத்து வாங்க இங்கே கடனுக்கு அப்ளை செய்ய வேண்டும் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற மேனேஜர்:
கடன் என்ற சொல் வந்ததால் உள்ளே வருகிறேன். மகளே, வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்தவன் நான். அனுமதிக் கடிதம் உன் பெயருக்கு மட்டும் இல்லை, இந்தக் கல்வி நிறுவனம், இந்தப் படிப்பு, இவ்வளவு செலவு என்று சேர்த்துத்தான் கொடுக்கப்படும். நிறுவனம் மாறினால் மீதித் தவணை தானாகப் புது இடத்துக்குப் போகாது. புது ஐ-20 (மாணவர் விசாவுக்கு யுனிவர்சிட்டி தரும் படிவம்), புது ஃபீஸ் விவரம் வைத்து மறு அனுமதி வாங்க வேண்டும். ரூ. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள் என்பது உன் தந்தைக்கே தெரியும், ஆனால் தொகை இவ்வளவு ஏறும்போது அதே வீட்டுக்குப் புதிதாக மதிப்பீடு போடச் சொல்லலாம், போதவில்லை என்றால் வேறு சொத்தும் கேட்கலாம். ஜூன் 1-க்குள் இது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். டெபாசிட் கட்டிவிட்டு வங்கிக்குப் போவது தலைகீழ்.

பிப்பெட்:
நன்றி சார், மாவிலிருந்து மீட்டீர்கள். தங்கச்சி, நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், போனாலும் போகாவிட்டாலும் இதெல்லாம் வேண்டும்.

முதலில் இன்றைக்கே புது இடத்துக்கு மெயில் போடு, கிரெடிட் எத்தனை எடுப்பீர்கள் என்று டெபாசிட்டுக்கு முன்பே எழுத்தில் கேள். பல இடங்களில் பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியையாவது அவர்களிடமே படித்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபைத் திரும்ப எடு என்றால் அது ஒரு செமஸ்டர், அந்த 90,000-ல் பாதி. உன் சிலபஸ் பிடிஎஃப் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பு. பதில் வரவில்லை என்றால் டெபாசிட் தேதியைத் தள்ளச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் யாரும் சொல்லாதது இந்த சம்மர் சம்பளம். டிரான்ஸ்ஃபர் என்றால் செவிஸில், அதாவது அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில், இருக்கிற உன் ரெக்கார்டைப் பழைய இடம் ஒரு குறிப்பிட்ட தேதியில் புது இடத்துக்கு விடுவிக்கும். அந்தத் தேதி வந்த நிமிடத்திலிருந்து பழைய கேம்பஸில் நீ சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, ரெக்கார்டு யாரிடம் இருக்கிறதோ அங்கே மட்டும்தான். தேதி வருவதற்கு முன்னால் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். வந்த பிறகு பழைய இடத்தால் ஒன்றும் செய்ய முடியாது. போவதாக இருந்தால் ஆகஸ்ட் நடுவில் தேதி கேள். ஜூன் 5-க்குப் பழைய ஐ-20-லேயே திரும்பிப் போகலாம், அதில் போடுகிற டிராவல் கையெழுத்து பழையதாகிவிட்டதா என்று பார்த்துக்கொள். விசாவில் பழைய யுனிவர்சிட்டி பெயர் இருக்கிறதே என்று ஜெமினி பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம், செவிஸ் எண் மாறாது, விசா காலாவதி ஆகாதவரை செல்லும். முதல் வருடத்திலேயே இடம் மாறுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு விதியை 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தார்கள். நீ இரண்டு வருடம் முடித்துவிட்டாய், ஆனாலும் யுனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அப்புறம் உன் பேராசிரியரிடம் பேசினாயா? டிரான்ஸ்ஃபருக்கு லெட்டர் எழுதியதே அவர்தானா?

ரெட்டேரி ரிட்டர்ன்:
அவர்தான் அக்கா. எழுதிக் கொடுத்துவிட்டு "போனாலும் சந்தோஷம், இருந்தால் அந்தக் காப்பர் கேடலிஸ்ட் (வினையூக்கி) ஆராய்ச்சி முழுக்க உன்னுடையது" என்றார். இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, சொன்னாலும் புரியாது என்று நினைத்தேன்.

பிப்பெட்:
அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். உன் பெயரில் ஒரு ஆராய்ச்சி, முடிந்தால் ஒரு பேப்பர். பட்டம் வாங்குவதற்கு முன்பே. பிஎச்.டி. வேதியியலில் பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது, வகுப்பில் சொல்லிக்கொடுக்க உதவுகிற டி.ஏ. வேலைக்குச் சம்பளமும் உண்டு, பெரிய இடத்துக்கு அப்போது அவர்கள் செலவில் போகலாம் என்றும் அப்பாவிடம் சொல்.

ரெட்டேரி ரிட்டர்ன்:
நேற்று ராத்திரி சொன்னேன். அம்மாதான் முதலில் வாய் திறந்து "காப்பர்னா செம்புதானே?" என்று கேட்டார். அப்பா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, கிரெடிட் பதில் வரட்டும் என்கிறார். மெயில் போட்டுவிட்டேன், இருக்கிற இடத்தில் கிராஜுவேட் வகுப்பு எடுக்கலாம் என்று ஹேண்ட்புக்கில் இருக்கிறது. டி.எஸ்.ஓ.விடம் வியாழன் ராத்திரி எட்டரைக்கு நம் நேரத்தில் பேசுகிறேன். அப்பா எதற்கும் கேட்டு வைப்போம் என்று நாளைக்கு வங்கிக்குப் போகிறார், மேனேஜர் சார், என்ன எடுத்துப் போகச் சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற மேனேஜர்:
பழைய அனுமதிக் கடிதம், இதுவரை போன தவணை ரசீதுகள், புது இடத்தின் சேர்க்கைக் கடிதமும் ஃபீஸ் விவரமும், வீட்டின் கடைசி மதிப்பீட்டு அறிக்கையின் நகல். பத்து மணிக்கே போகச் சொல், பதினொன்றுக்கு மேல் கூட்டம். கவுண்டரில் கேட்க வேண்டாம், கடன் பிரிவு அதிகாரியை நேராகப் பார்க்கச் சொல்.