எம்ஜிபி முன்கண்ணாடிச் சட்டம்: புதுப்பிப்பு

என் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (துணிக்கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) முன்கண்ணாடிச் சட்டத்தில் (ஃபிரேம்) ஒரு பக்கத் தூண் விரிசல் விட்டுவிட்டது, மாற்றுச் சட்டம் தேடுகிறேன் என்று எழுதியிருந்தேன். நல்ல சட்டம் ஒன்று கிடைத்தது, மாட்டியும் ஆகிவிட்டது.

பழையதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. சட்டம் அலுமினியம், திருகுகள் எஃகு. இத்தனை வருட ஈரத்தில் அரித்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, சூடு காட்டிய பிறகே அசைந்தன.

அப்புறம், சட்டத்துக்கும் கார் உடலுக்கும் நடுவில் வரும் அடி ரப்பர். புதிது என்பதால் விறைப்பாக இருந்து சட்டத்தை மேலே தள்ளுகிறது; போல்ட் துளைகள் நேருக்கு வர மறுக்கின்றன. தனியாளாக இறங்காதீர்கள். நண்பர் மேலிருந்து அழுத்திப் பிடிக்க, நான் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, பக்கத்துக்கு இரண்டு போல்ட்டையும் கையாலேயே பிடிக்க வைத்தேன். உடனே இறுக்கிவிட வேண்டாம். கதவை மூடி, அதன் முன்பக்கச் சின்னக் கண்ணாடியும் தூணும் ஒரே சாய்வில் நிற்கிறதா பாருங்கள். துணிக்கூரையையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் இறுக்கலாம். பின்பார்வைக் கண்ணாடியைத் தாங்கும் நடுக்கம்பியைக் கடைசியில்தான் முறுக்கினேன்.