தோடியின் காந்தாரத்துக்கு ஆட்டோட்யூன் போடலாமா?

மொட்டைமாடி
124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 தாள அடி) ஒரு ஹவுஸ் ட்ராக், அதாவது எலக்ட்ரானிக் நடன இசை, செய்துகொண்டிருக்கிறேன். அதற்காக என் அக்கா தோடி ராகத்தில் சின்னதாக ஒரு ஆலாபனை பாடிக் கொடுத்தாள். பதினைந்து வருடம் பாட்டு கற்றவள். படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளுக்கு முன்னால் நிற்க வைத்துப் பதிவு செய்தேன். எதிரொலியே இல்லாமல் நன்றாக வந்திருக்கிறது.

அப்புறம் குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளில் அவளுடைய ஐந்து கட்டை சுருதிக்குத் தோடியின் ஏழு ஸ்வரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ரீட்யூன் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன், அதாவது குரலை உடனடியாக ஸ்வரத்துக்கு இழுக்கும்படி. காந்தாரம் (க) வரும் இடமெல்லாம் குரல் ரி, க, ம, மறுபடி க, ரி என்று படிக்கட்டில் தாவி ஏறி இறங்குகிறது. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அக்கா ஒரு தடவை கேட்டுவிட்டு, "இது தோடி இல்லடா" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டாள். வைத்துக்கொள்வதா, எடுப்பதா?

சுருதிப்பெட்டி
எடுத்துவிடுங்கள் தம்பி. உங்கள் அக்கா சொன்னதுதான் சரி.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து மத்யமம் வரை போய்வருகிற அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். கீபோர்டில் அந்தக் கட்டையை மட்டும் அழுத்திப் பாருங்கள், தோடி வரவே வராது. ஆட்டோட்யூன் செய்வது ஒரே வேலை: ஒவ்வொரு கணமும் குரலுக்கு மிக அருகில் எந்த ஸ்வரம் இருக்கிறது என்று பார்த்து அங்கே இழுப்பது. குரல் நொடிக்கு நான்கு முறை அசைகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு அசைவுக்கு 250 மில்லிசெகண்ட். பூஜ்ய வேகத்தில் அந்த வளைவு முழுவதும் சதுரமாகிவிடுகிறது. பதினைந்து வருடம் உழைத்து வந்த வளைவு அது.

திருத்தம் வேண்டுமென்றால் மெலோடைன் என்ற இன்னொரு சுருதித் திருத்த மென்பொருளில் செய்யுங்கள். அதில் சுருதி மெல்ல நழுவுவதற்கு ஒரு கருவி, அசைவுக்கு வேறொரு கருவி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். நழுவலை மட்டும் சரிசெய்யுங்கள். அசைவில் கை வைக்காதீர்கள்.

நள்ளிரவு124
அண்ணா, உங்கள் விளக்கம் முழுவதும் உண்மை. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. அவர் கச்சேரிப் பதிவை மிக்ஸ் செய்யவில்லை, ஹவுஸ் ட்ராக் செய்கிறார்.

ஆட்டோட்யூன் 1997இல் வந்தபோது, திருத்தியதே தெரியக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் வளம் தேடுவதற்காகப் பூமிக்குள் அனுப்பும் அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அடுத்த வருடமே பாடகி ஷேர் (Cher) பாடிய 'பிலீவ்' பாட்டில் வேகத்தைக் கடைசிவரை தள்ளி, திருத்தத்தையே காதில் விழ வைத்தார்கள். 1999இல் ஒரு ஒலிப்பதிவு இதழில் அதை வோகோடர் பெடலில் (குரலை எந்திரக் குரல்போல ஆக்கும் வேறொரு கருவி) செய்ததாகச் சொல்லி மறைத்தார்கள் அந்தத் தயாரிப்பாளர்கள். மறைத்து வைக்கும் அளவுக்கு அது மதிப்புள்ள கண்டுபிடிப்பு. எலக்ட்ரானிக் இசையில் இப்படித்தான் புது வாத்தியங்கள் பிறந்திருக்கின்றன, ஒரு கருவியை அது செய்யக் கூடாததைச் செய்ய வைத்து.

மொட்டைமாடி, உங்களுக்குச் சிலிர்த்தது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. விடாதீர்கள். 124இல் பதினாறாம் பங்கு, அதாவது ஒரு தாள அடியின் கால் பகுதி, 121 மில்லிசெகண்ட். அந்தப் படிக்கட்டை 121, 121ஆக வெட்டி ட்ரம்ஸின் ஹைஹாட்டோடு பூட்டிப் பாருங்கள். பிறகு குரலை மொத்தமாகக் கிக்குக்கு (அடித்தள ட்ரம் அடிக்கு) சைட்செயின் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு கிக்குக்கும் குரல் தானாக அடங்கி எழட்டும், மூச்சுவிடுகிற மாதிரி வரும்.

சுருதிப்பெட்டி
அந்தக் கடைசி யோசனை தப்பு. 124இல் கிக் 484 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை விழும். ஒவ்வொரு முறையும் குரலின் அளவை அழுத்தி எழுப்பினால், ஏற்கெனவே அசையும் குரலுக்கு மேல் இன்னொரு அசைவு ஏறுகிறது. எது பாடியவருடையது, எது ஒலியளவை அழுத்தும் கம்ப்ரஸருடையது என்றே காதுக்குத் தெரியாது.

தேவையும் இல்லை. ஐந்து கட்டைக்கு மத்ய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்த்ர பஞ்சமம் வரை இறங்கினாலும் 147. கிக்கின் அடிப்பகுதி 50, 60இல் கிடக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலை ஹைபாஸ் வடிகட்டியில் வெட்டினால், ஒரு ஸ்வரம்கூடப் போகாமல் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

கீழ்ஸ்தாயி
நான் பாடுகிறவள். உங்கள் இருவர் பேச்சிலும் ஒருவரைக் காணவில்லை. அவர் அந்த அக்கா.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு மணி நேரம் பாடிக் கொடுத்தேன். ட்ராக் வெளிவந்தபோது என் குரலை நான்கு செமிடோன் ஏற்றியிருந்தார்கள், ஃபார்மண்டும் சேர்ந்து ஏறியிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபார்மண்ட் என்பது நம் தொண்டையும் வாயும் எழுப்பும் அதிர்வுத் தடம். இன்னார் குரல் என்று பெரும்பாலும் நாம் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அது ஏறினால் குரல் குழந்தைக் குரல் மாதிரி ஆகிவிடும். கீழே என் பெயரைப் போட்டிருந்தார்கள். என் அம்மாவுக்கே அது நான் என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நள்ளிரவு, நீங்கள் சொல்கிற அந்தச் சிலிர்ப்பு அவருடைய காந்தாரத்திலிருந்து வந்தது. அசைவே இல்லாத ஒரு குரலை அதே ப்ளகினில் போட்டால் படிக்கட்டு வராது.

நள்ளிரவு124
நீங்கள் சொல்வது சுடுகிறது. நான் இணைய மன்றங்களில் ட்ரை வோக்கலை (எஃபெக்ட் எதுவும் போடாத குரலை) வாங்கி வெட்டிக்கொண்டே இருப்பவன், பாடியவரிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும், அதில் விவாதமில்லை. பூஜ்ய வேகம் தப்பு என்பதை மட்டும் இப்போதும் ஏற்கமாட்டேன். அது அழகாக இருக்கிறது. சைட்செயின் விஷயத்தில் சுருதிப்பெட்டி சொன்னதைச் செய்து பார்த்தேன், அது சரிதான். அதற்குப் பதில் ரிவர்பை (செயற்கை எதிரொலியை) மட்டும் குரலுக்கு சைட்செயின் செய்தேன். பாடும்போது ரிவர்ப் அடங்கி, மூச்செடுக்கும் இடைவெளியில் எழுந்து வருகிறது.

சுருதிப்பெட்டி
அது நல்ல வழி. வரிசையையும் சொல்லிவிடுகிறேன். சுருதித் திருத்தம் எப்போதும் முதலில், ட்ரை குரலில். ரிவர்ப் போட்ட பிறகு திருத்தினால் முந்தைய ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தோடு கலந்து, கருவி எதைப் பிடிப்பது என்று தடுமாறும். அடுத்து ஹைபாஸ். அதற்கடுத்து கம்ப்ரஸர், ஒன்றை அழுத்திப் பிடிப்பதைவிட இரண்டைத் தளர்வாக. ஆலாபனையில் ஸ, ஷ அதிகம் வராது, அதனால் அந்தச் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை வழக்கத்துக்காகப் போட வேண்டாம். தேவையில்லாத இடத்தில் அது குரலின் பளபளப்பைத் தின்றுவிடும்.

மொட்டைமாடி
மூன்று இரவு உட்கார்ந்தேன். இப்போது இரண்டு குரல் இருக்கிறது. மேலே அக்காவின் குரல், மெலோடைனில் மூன்றே இடத்தில் நழுவலைச் சரிசெய்தது, அவ்வளவுதான். கீழே அதன் நகல், பூஜ்ய வேகத்தில் இழுத்து 121இல் வெட்டி, 10 டெசிபல் இறக்கி வைத்தது. ப்ரேக்டவுனில் கிக் நின்றதும் நகல் மட்டும் முழு அளவில் எழுந்து வரும்.

முதல் இரவு மோனோவில் (இடது, வலது இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒலியில்) கேட்டபோது குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. நகல் சில மில்லிசெகண்ட் பின்தங்கியிருந்ததால் இரண்டும் ஒன்றையொன்று தின்றிருக்கின்றன. நகலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி, இரண்டும் ஒரே சமயத்தில் ஒலிக்கும் இடங்களைக் குறைத்த பிறகு சரியானது. கிளப்புகளில் பல இடங்களில் மோனோதான், அதனால் இதைச் சொல்கிறேன்.

கீழ்ஸ்தாயி அக்கா சொன்னபடி, இந்த முறை என் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். நகல் அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் எடு என்று சொல்லவில்லை. காந்தாரத்தில் அவள் நீண்ட நேரம் நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. "அங்க மட்டும் மெஷின் வேண்டாம். அங்க நான் பாட்டியை நினைச்சுட்டுப் பாடினேன்" என்றாள். அந்த ஒன்பது வினாடிக்கு நகலையும் ரிவர்பையும் எடுத்துவிட்டேன். பீரோவுக்கு முன்னால் பாடிய குரல் மட்டும்.

சுருதிப்பெட்டி
ப்ரேக்டவுனில் வருவதை என்னால் இன்னும் தோடி என்று சொல்ல முடியாது தம்பி. அந்த ஒன்பது வினாடியை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா?

கீழ்ஸ்தாயி
அனுப்பும் முன் அக்காவிடம் கேட்டுவிடுங்கள்.